தொழிற்சாலை இயர் மஃப்: ஆட்டிசம் உள்ளவர்கள் வேலை இடத்தில் போட்டுக்கொள்ள வாங்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்கலாம். ஆனால் காரைக்குடி வெயிலில் இதைப் போட்டால் காது வேகும், கண்ணாடி போடுகிறவர்களுக்குத் தனிச் சிக்கல் இருக்கிறது, அதையெல்லாம் கீழே எழுதியிருக்கிறேன், படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆட்டிசம் உள்ளவர் சத்தமான இடத்தில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கவேண்டி இருந்தால் இது பெரிய உதவி. இதைப் போட்டதில் ஆரம்பித்த தகராறில் எனக்கு வேலை போய், அப்புறம் திரும்பக் கிடைத்தது. அந்தக் கதையையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் பொருள் நன்றாக இருந்தும் அதைப் போட விடவில்லை என்றால் என்ன பிரயோஜனம்?

பொருள் என்னவென்றால், இரண்டு பிளாஸ்டிக் கிண்ணம், உள்ளே பஞ்சு, காதைச் சுற்றி உட்காரும் மெத்தை, தலைக்கு மேல் ஒரு பட்டை. பேட்டரி கிடையாது, புளூடூத் கிடையாது, வயர் கிடையாது. ரோடு உடைக்கிறவர்கள், விமான நிலையத்தில் ஓடுபாதையில் நிற்கிறவர்கள் போட்டிருப்பார்களே, அதேதான். சில நூறு ரூபாயிலிருந்து இரண்டு மூவாயிரம் வரைக்கும் இருக்கிறது. கம்பெனிப் பெயர் எழுதவில்லை, இந்த வகையில் எல்லாருடைய பொருளும் ஏறக்குறைய ஒரே அமைப்புதான், எதைப் பார்த்து வாங்குவது என்று தெரிந்தால் போதும்.

டப்பாவில் என்.ஆர்.ஆர். என்று ஓர் எண் போட்டிருக்கும், எவ்வளவு சத்தத்தைக் குறைக்கும் என்பதற்கான எண். என்னுடையது 27. உடனே 27 டெசிபல் குறைந்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள். அது ஆய்வுக்கூடத்தில் கச்சிதமாக மாட்டி அளந்த எண். அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை ஒரு கணக்குச் சொல்கிறது, அந்த எண்ணில் 7-ஐக் கழித்து மிச்சத்தைப் பாதியாக்கவேண்டும். அப்படிப் போட்டால் 10 வரும். பத்து என்றால் கொஞ்சமாகத் தோன்றும், ஆனால் பத்து டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் பாதியானதுபோல் இருக்கும். எனக்கு அந்தப் பாதி போதும்.

ஏன் போதும் என்று சொல்ல நான் வேலை பார்க்கும் இடத்தைச் சொல்லவேண்டும். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு பலகாரக் கம்பெனி, கடையும் சேர்த்து முப்பது பேருக்கு மேல் வேலை செய்கிறோம். பழைய செட்டியார் வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து நடத்துகிறார்கள். முகப்பில் கடை, வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் பேக்கிங், அதை அடுத்த பகுதியான இரண்டாம் கட்டில் அடுப்பு, அதற்குப் பின்னால் மாவு மெஷின். தரை முழுக்க ஆத்தங்குடிக் கல், சுவரில் வழவழவென்று சுண்ணாம்புப் பூச்சு, கல் தூண், எட்டாத உயரத்தில் மேற்கூரை. வெளியூர்க்காரர்கள் வந்து நின்று போட்டோ எடுப்பார்கள், எடுக்கட்டும், அழகான வீடுதான். ஆனால் சத்தத்தை வாங்கிக்கொள்ள அந்த வளவில் ஒரு கெட்டித் துணி கூடக் கிடையாது. எவர்சில்வர் தாம்பாளம் ஒன்று கை நழுவினால் அந்தச் சத்தம் தரையில் பட்டு, சுவரில் பட்டு, கூரைக்குப் போய்த் திரும்பி வரும். மற்றவர்கள் ஒரு நொடி திரும்பிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள். எனக்கு அது பல்லின் வேர் வரைக்கும் போய் இறங்கும், அதற்கப்புறம் சீல் போடும் மெஷினின் பீப் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் குத்தும், தராசில் என்ன எண் ஓடுகிறது என்று கண் பார்த்தாலும் மூளைக்கு ஏறாது.

இந்த இடத்தில் இயர் மஃப் செய்கிற வேலை துல்லியமானது. தாம்பாளம், கரண்டி, பீப், குக்கர் விசில் மாதிரி கீச்சென்று வரும் சத்தங்களை நன்றாக அமுக்கிவிடும். மாவு மெஷினின் கும்மென்ற ஓசை கொஞ்சம் வரத்தான் செய்யும், தடிமனான தாழ்ந்த ஓசையை இந்த வகை அவ்வளவாகத் தடுக்காது. நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் இதற்கு நேர் எதிர். ஃபேன், ஏசி, பஸ் எஞ்சின் மாதிரி ஒரே சீராக வருகிற ஓசையை அது கழித்துவிடும், திடீரென்று விழும் தாம்பாளத்தைப் பிடிக்காது. மதுரைக்குப் பஸ்ஸில் போக அது சரி, பேக்கிங் மேஜைக்கு இதுதான் சரி. காதுக்குள் உருட்டி வைக்கும் ஃபோம் பிளக்கும் போட்டுப் பார்த்தேன். ஜோடி பத்து இருபது ரூபாய்தான், நன்றாகவே தடுக்கும், ஆனால் மாவுக் கையோடு உருட்டி வைக்க முடியாது, பலகாரம் செய்யும் இடத்தில் அது கழன்று டப்பாவுக்குள் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

குறைகள். சித்திரை வைகாசியில் அரை மணிக்கு ஒரு தடவை கழற்றி வேர்வையைத் துடைக்கவேண்டும், இல்லாவிட்டால் காதுக்குப் பின்னால் வேர்க்குரு வந்துவிடும். கண்ணாடிக் காம்பு மெத்தைக்கு அடியில் போவதால் ஒரு சந்து விழும், அந்தச் சந்து வழியாகச் சத்தம் உள்ளே வரும், மெல்லிய கம்பிக் காம்பாக மாற்றினால் பரவாயில்லை. தலைக்கு வலைத்தொப்பி போட்டே ஆகவேண்டிய இடம் என்றால் தொப்பியை மெத்தைக்குள் சிக்க விடாமல் காதுக்கு மேலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். புதிதில் பட்டை இறுக்கமாக இருக்கும், தலை வலிக்கும், கொஞ்ச நாளில் தளரும். ஹெட்போன் மாதிரி ஸ்டைலாக இருப்பதை வாங்கவே வாங்காதீர்கள். மஞ்சளோ சிவப்போ, பார்த்தாலே தொழிற்சாலைச் சாமான் என்று தெரியவேண்டும். நான் கறுப்பு வாங்கியதில் என்ன ஆனது என்று சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேரும்போதே ஆட்டிசம் இருப்பதைச் சொல்லித்தான் சேர்ந்தேன், அரசு மருத்துவக் குழு கொடுத்த சான்றிதழின் நகலும் கொடுத்திருந்தேன். வளவில் பேக்கிங் மேஜை, என் வேலை எடை பார்ப்பது, தேதி லேபிள் ஒட்டுவது, சரக்குக் கணக்கு எழுதுவது. தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை எதுவாக இருந்தாலும் கால் கிலோ பாக்கெட்டில் குறை எடை என் மேஜையைத் தாண்டிப் போனதில்லை, இதை முதலாளியே பலபேரிடம் சொல்லியிருக்கிறார். அடுப்படியைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சிக்கு என்னைப் பழகிவிட்டது, ஏதாவது வேண்டுமென்றால் கூப்பிடமாட்டார், மேஜையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு விரலால் காட்டுவார். இதையெல்லாம் யாரும் எழுதி வைத்துச் செய்யவில்லை, நன்றாகவே நடந்தது.

தீபாவளி நெருக்கத்தில் கடைக்குப் புதிதாக ஒரு சூப்பர்வைசர் வந்தார். அவர் வந்த வேகத்தில் என்னைக் கடைக்கு மாற்றினார், அதுவும் காலையில் வந்து நின்ற பிறகு, "இன்னைலேருந்து நீ முகப்புல நில்லு" என்று. அங்கே வாசலில் ஒரு ஸ்பீக்கர், பதிவு செய்த விளம்பரம் ஒன்று காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் திரும்பத் திரும்ப ஓடும். நான் இயர் மஃபை மாட்டினேன். "ஹெட்போனைக் கழட்டு, கஸ்டமர் முன்னாடி பாட்டா கேக்குற?" என்றார். இதில் பாட்டுக் கேட்க முடியாது அண்ணே என்று கழற்றிக் கையில் கொடுத்தே காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் கூட்டமான நேரத்தில் எனக்கு முடியாமல் போனது. கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டு, வளவில் தூணோரம் போய் உட்கார்ந்து, காதைப் பொத்திக்கொண்டு கத்தினேன். மெல்ட்டவுன் என்று சொல்வார்கள். அடம் பிடிப்பதோடு இதைச் சேர்க்கக்கூடாது, அந்த நேரத்தில் நிறுத்து என்றால் நிறுத்த முடியாது. சூப்பர்வைசர் வாங்க வந்தவர்களைப் பார்த்து, "லூசுப் பய, கண்டுக்காதீங்க" என்றார். அது எனக்குக் காதில் விழுந்தது. ஆச்சிதான் வந்து விளக்கை அணைத்து, ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லி, பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் ஒரு மெமோ, வாடிக்கையாளர் முன் ஒழுங்கீனம் என்று. அதற்கு நான் பதில் எழுதிக்கொண்டிருக்கும்போதே வேலையை விட்டு நீக்கியதாகக் கடிதம். முதலாளியைப் போய்ப் பார்த்தேன். "தம்பி, உன் மேல எனக்கு ஒண்ணும் கோவமில்ல, ஆனா கடைன்னா பத்துப் பேரு வருவாங்க, உனக்காகக் கடைய மாத்த முடியுமா?" என்றார். கடையை மாற்றச் சொல்லவில்லை, பழைய மேஜையும் காதுக்கு ஒரு மூடியும்தான் கேட்டேன்.

இங்கே சட்டம் தெரிந்திருக்கவேண்டும், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரலில். முந்தைய 1995 சட்டத்தில் ஏழு வகை ஊனம்தான் இருந்தது, இதில் 21, ஆட்டிசமும் அதில் ஒன்று. இந்தச் சட்டம் பாகுபாடு என்பதற்குச் சொல்லும் விளக்கத்திலேயே, நியாயமான வசதியை, அதாவது ஒருவருடைய ஊனத்துக்கு ஏற்றபடி தேவையான மாற்றத்தைச் செய்து கொடுக்க மறுப்பதும் பாகுபாடுதான் என்று இருக்கிறது. என் வக்கீல் முதலில் எனக்குக் காட்டியது அந்த வரிதான். 3-ஆம் பிரிவில் ஒரு விலக்கும் உண்டு: அந்தச் செயல் ஒரு நியாயமான நோக்கத்துக்காக, அதற்கு வேண்டிய அளவுக்கு மட்டும் செய்யப்பட்டது என்று காட்டினால் அது பாகுபாடு ஆகாது. அப்படிக் காட்டவேண்டியது அவர்கள் பொறுப்பு. மத்திய அரசின் 2017 விதிகளில், இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் இடமாக இருந்தால், புகார் வந்ததும் முதலாளி நடவடிக்கை எடுக்கவேண்டும், இல்லையென்றால் ஏன் அது பாகுபாடு இல்லை என்று எழுத்தில் சொல்லவேண்டும் என்றிருக்கிறது. அதே விதியில் இன்னொன்றும் இருக்கிறது, இந்த விமர்சனத்தைப் படிக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவேண்டும்: வசதி செய்து தருவதற்கான செலவை முழுதாகவோ ஒரு பகுதியாகவோ மாற்றுத்திறனாளி தலையில் கட்டக்கூடாது. அதாவது இந்த இயர் மஃபின் விலையை நான் கொடுத்திருக்கவே வேண்டியதில்லை.

ஓட்டையும் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. வேலை இடத்தில் பாகுபாடு கூடாது என்று நேராகச் சொல்லும் 20-ஆம் பிரிவு அரசு நிறுவனங்களுக்கு எழுதப்பட்டது. தனியாரைப் பிடிக்க 3-ஆம் பிரிவு, சம வாய்ப்புக் கொள்கை (மாற்றுத்திறனாளிகளுக்கு என்ன செய்வோம் என்று நிறுவனம் எழுதி வைப்பது) வெளியிடவேண்டும் என்கிற 21-ஆம் பிரிவு, மேலே சொன்ன விதி, இவற்றை வைத்துத்தான் வாதாடவேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் சாட்சியைக் கூப்பிடலாம், ஆவணம் கேட்கலாம், அதற்குச் சிவில் கோர்ட்டுக்கு உள்ள அதிகாரம் இருக்கிறது, ஆனால் கடைசியில் கொடுப்பது பரிந்துரை. சட்டத்தை முதல் தடவை மீறினால் அபராதம் பத்தாயிரம் ரூபாய் வரைக்கும்தான். ஒருத்தருடைய பிழைப்புக்கு அது எந்த மூலைக்கு? இதைத் திருத்தியே ஆகவேண்டும் என்பது என் எண்ணம்.

உச்ச நீதிமன்றம் 2021-இல் கொடுத்த இரண்டு தீர்ப்புகள் எனக்குப் பெரிய தெம்பு. விகாஷ் குமார் வழக்கு ஒன்று, எழுதும்போது கை பிடித்துக்கொள்ளும் பிரச்சினை உள்ளவர் தேர்வுக்கு உதவியாளர் கேட்டது. ஊனம் நாற்பது சதவீதம் இருந்தால்தான் நியாயமான வசதி என்று சொல்லமுடியாது, குறைவாக இருந்தாலும் உரிமை உண்டு என்று அதில் சொன்னார்கள். சான்றிதழில் சதவீதம் குறைவு என்று ஒதுங்கி நிற்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். இன்னொன்று ரவீந்தர் குமார் தாரிவால் வழக்கு, மத்திய ரிசர்வ் போலீஸ் படையில் இருந்த அதிகாரி, மனநலப் பிரச்சினை உள்ளவர், அவர் மேல் ஒழுங்கு நடவடிக்கை. நடத்தைக்கு ஊனம் மட்டுமே காரணம் என்று நிரூபிக்கவேண்டியதில்லை, அது ஒரு காரணமாக இருந்தாலே அந்த நடவடிக்கை பாகுபாடு ஆகலாம் என்று சொன்னார்கள். எனக்கு வந்த ஒழுங்கீன மெமோவுக்கு வக்கீல் எழுதிய பதிலில் இதைத்தான் முன்னால் வைத்தார்.

வக்கீலுக்கு என் கையிலிருந்து காசு போகவில்லை. 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம். எனக்குப் போனில் பேசவே வராது, அக்காதான் பேசினாள். வேலை முடிந்து வந்து ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து நான் எழுதிக் கொடுத்ததையெல்லாம் தேதி வாரியாக அடுக்கித் தட்டச்சு செய்ததும் அவள்தான். கம்பெனிக்கு ஒரு புகார், சிவகங்கை கலெக்டர் ஆபீஸில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு ஒரு பிரதி, அப்புறம் சென்னையில் மாநில ஆணையருக்கு.

கம்பெனி தரப்பில் சொன்ன பதிலில் ஒன்று நியாயமானது என்பதால் அதை எழுதுகிறேன். கொதிக்கிற எண்ணெய் தூக்கிக்கொண்டு வருகிற இடம், காதை மூடியவன் விலகவில்லை என்றால் விபத்து ஆகும் என்றார்கள். உண்மைதான், இயர் மஃப் வாங்குகிற எல்லாருமே இதை யோசிக்கவேண்டும். ஆனால் எண்ணெய் போவது இரண்டாம் கட்டில், என் மேஜை வளவில், நடுவில் வாசற்படி. அது மட்டும் இல்லை, மேஜையைத் தட்டிக் கூப்பிடுவது என்று ஒரு வழி அங்கே ஏற்கெனவே பழக்கத்தில் இருந்தது, ஆச்சி அதை அப்படியே சொன்னார், முதலாளி முன்னாலேயே. பயப்படாமல் அந்த அம்மா பேசியதை நான் மறக்கமாட்டேன். சூப்பர்வைசர் பூட்டி வைத்த அன்றைக்கு இந்த எண்ணெய்க் கதையை யாரும் சொல்லவில்லை, கஸ்டமர் என்ன நினைப்பார் என்றுதான் சொன்னார்கள், அதையும் வக்கீல் பதிவு செய்யச் சொன்னார். பலகாரச் சுத்தம் பற்றியும் கேட்டார்கள், அதுவும் சரியான கேள்வி. மஃப் வீட்டுக்குப் போகாமல் கம்பெனியிலேயே இருக்கும், ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போதும் முடியும்போதும் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவேண்டும் என்று முடிவானது.

விசாரணைக்கு நோட்டீஸ் வந்த பிறகுதான் முதலாளி பேச உட்கார்ந்தார். எழுத்தில் ஒப்பந்தம் ஆனது: பழைய மேஜை, இயர் மஃப் போடலாம், இடமோ நேரமோ மாற்றுவதாக இருந்தால் முந்தின நாளே எழுதிக் கொடுக்கவேண்டும், முடியாமல் வரும்போது கொஞ்ச நேரம் பின்கட்டு அறையில் உட்காரலாம், அதற்குச் சம்பளம் பிடிக்கக்கூடாது. நீக்கிய கடிதம் ரத்து. இடையில் போன சம்பளத்தில் பாதிதான் தந்தார்கள், அதில் எனக்குத் திருப்தி இல்லை, வீட்டு நிலைமை பார்த்து ஒத்துக்கொண்டேன். பொது இடத்தில் மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் 92-ஆம் பிரிவில் ஆறு மாதத்திலிருந்து ஐந்து வருஷம் வரை சிறை உண்டு, அதைப் போடலாமா என்று வக்கீல் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். சூப்பர்வைசர் எழுத்தில் மன்னிப்புக் கேட்டார், அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. வேறு ஒருத்தர் என் இடத்தில் இருந்து வழக்குப் போட்டிருந்தால் அதையும் நான் சரி என்றுதான் சொல்வேன்.

இப்போது மஞ்சள் நிறத்தில் ஒன்று கம்பெனி வாங்கிக் கொடுத்திருக்கிறது. பழைய கறுப்பை வைகாசியில் கொப்புடையம்மன் திருவிழாவுக்குப் போட்டுக்கொண்டு போனேன், வேட்டும் கொட்டும் இருந்தும் தேரைக் கிட்ட நின்று பார்த்தேன், இதற்கு முன்னால் அவ்வளவு பக்கத்தில் நான் நின்றதில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு: என்.ஆர்.ஆர். 25-க்கு மேல் இருப்பதைப் பாருங்கள், மெத்தை தனியாகக் கிடைக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள், எங்கள் ஊர் வேர்வைக்கு ஆறு மாதத்தில் மெத்தை வெடித்துவிடும், வெடித்த மெத்தையோடு போட்டால் பாதிச் சத்தம் உள்ளே வந்துவிடும். வேலை இடத்துக்கு என்றால் வாங்குவதற்கு முன்னாலேயே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, கடிதம் கைக்கு வந்ததற்கு அத்தாட்சியாக நகலில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரி, வாய்ப்பேச்சோடு விட்டுவிடாதீர்கள். சம வாய்ப்புக் கொள்கை எங்கே என்றும் கேளுங்கள். எங்கள் கம்பெனியில் அது இன்னும் வரவில்லை, ஒப்பந்தத்தில் ஒத்துக்கொண்ட விஷயம்தான், ஞாபகப்படுத்தி மறுபடி எழுதிக் கொடுத்திருக்கிறேன். மஞ்சள் மஃபின் மெத்தையில் கீறல் விழ ஆரம்பித்துவிட்டது, தீபாவளி வேலை தொடங்குவதற்குள் மாற்றவேண்டும், அந்த பில்லும் கம்பெனிக்குத்தான் போகும்.